எலும்பு சேரும், நேராகச் சேருமா?

விடுமுறையில் ஊர் போகும் நம் குடும்பங்களில், திருப்பதி காளஹஸ்தி போகாமல் திரும்புகிறவர்கள் வெகு குறைவு. மலையேறி வேங்கடவனைத் தரிசித்து, மறுநாள் காளஹஸ்தியில் ராகு-கேது பூஜையையும் முடித்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பும் வழியில் ஒரு சிற்றூர் வரும். ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில், நகரிக்கும் திருத்தணிக்கும் முன்னால் இருக்கிறது அந்த ஊர். பெயர் புத்தூர். யாழ்ப்பாணத்தில் ஒரு புத்தூர் உண்டு. கர்நாடகத்திலும் ஒரு புத்தூர் உண்டு. ஆனால் "புத்தூர்க் கட்டு" என்று சொன்னால் தமிழ்நாட்டில் யாரும் "எந்தப் புத்தூர்?" என்று கேட்பதில்லை.

மாமரத்திலிருந்து விழுந்த பையன், மாடு முட்டிய விவசாயி, ஸ்கூட்டரில் சறுக்கிய வாத்தியார் என்று எத்தனையோ பேர் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போய் வந்திருக்கிறார்கள். எலும்பு முறிந்தால் நம் பக்கத்தில் முதலில் எழும் கேள்வியே "ஆஸ்பத்திரியா, புத்தூரா?" என்பதுதான். கடல் தாண்டி வந்த பிறகும் இந்தக் கேள்வி நம்மை விடுவதில்லை. ஊரில் இருக்கும் அம்மாவோ மாமனாரோ கீழே விழுந்தால், நள்ளிரவில் தொலைபேசி மணி அடிப்பது நம் வீட்டில்தானே! அந்த நேரத்தில் பதறாமல் பதில் சொல்ல வேண்டுமானால், எலும்பு எப்படிச் சேர்கிறது, கட்டு என்ன வேலை செய்கிறது, எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பது ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். அந்த நோக்கத்தில்தான் இந்தக் கட்டுரை.

முயல் கதையும் மூங்கில் பத்தையும்

புத்தூரை அடுத்த ராச்சபாளையத்தில் ராஜு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக எலும்பு வைத்தியம் செய்துவருகிறார்கள். கேசவ ராஜு என்பவர் 1881-ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார் என்று சொல்லப்படுகிறது. அதற்கு ஒரு கதையும் உண்டு. காட்டுக்கு வேட்டைக்குப் போனவர், கால் ஒடிந்த ஒரு முயலை இலை தழைகளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். பிரித்துப் பார்த்தபோது முயல் துள்ளி எழுந்து ஓடிவிட்டதாம். அது எந்த இலை என்று தேடிக் கண்டுபிடித்ததுதான் இந்த மருந்து என்பார்கள். கதையைக் கதையாகவே எடுத்துக்கொள்வோம். முயலின் எலும்புகூடச் சில மணி நேரத்தில் சேர்ந்துவிடாது. ஆனாலும் நூறாண்டுக்கு மேலாக ஜனங்கள் அந்த ஊரைத் தேடிப் போகிறார்கள் என்பது கதை அல்ல.

வைத்திய முறை பார்ப்பதற்கு எளிமையானது. அடிபட்ட இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, விலகிய எலும்பை இழுத்து நேராக்குவார்கள். பச்சிலைச் சாற்றையும் முட்டையின் வெள்ளைக் கருவையும் பூசுவார்கள். துணியைச் சுற்றி, மூங்கில் பத்தைகளை வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். சில நாள் இடைவெளியில் கட்டைப் பிரித்து மறுபடி கட்டுவார்கள். இப்போதெல்லாம் நோயாளிகள் எக்ஸ்-ரே படத்தையும் கையோடு கொண்டுபோகிறார்கள்.

முட்டை வெள்ளைக் கரு எதற்கு என்று கேட்கலாம். அது காய்ந்ததும் துணி விறைத்து அட்டை போல ஆகிவிடும். இந்த உபாயம் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அரபு நாட்டு வைத்தியர்களும் இதைச் செய்தார்கள். நெப்போலியனின் படையில் தலைமை அறுவை மருத்துவராக இருந்த லாரே என்பவரும் முட்டை வெள்ளைக் கரு சேர்த்த கட்டுகளைப் பயன்படுத்தியிருக்கிறார். பிளாஸ்டர் வருவதற்கு முன்னால், கையில் கிடைத்த பசையை வைத்து உலகம் முழுவதும் செய்த வேலைதான் அது.

புத்தூர் ஆந்திராவில் இருந்தும் தமிழர்களுக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இந்தப் பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1960-இல் எல்லை பிரித்தபோது திருத்தணி நம் பக்கம் வந்தது. புத்தூர் ஆந்திரத்தில் நின்றது. 2022-இல் புத்தூர் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. இப்படி எல்லைகள் மாறினாலும் நோயாளிகள் போகும் வழி மாறவில்லை. சென்னையிலும் வேலூரிலும் சேலத்திலும் "புத்தூர்க் கட்டு" என்று எழுதிய பலகைகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். பலகை மாட்டியவர் எல்லாரும் புத்தூரில் கற்றவர்கள்தானா என்பது வேறு விஷயம். பெயரைப் பலகையில் எழுத யாராலும் முடியும்.

எலும்பைச் சேர்ப்பது யார்?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று. எலும்பை மருந்து சேர்ப்பதில்லை, டாக்டரும் சேர்ப்பதில்லை, உடம்புதான் சேர்த்துக்கொள்கிறது. எலும்பு முறிந்த இடத்தில் இரத்தம் கசிந்து உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அந்த இடத்தில் குருத்தெலும்பு போன்ற மெத்தென்ற திசு வளர்கிறது. பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து ஏறி, ஒரு முண்டு போலக் கெட்டிப்படுகிறது. அதற்குப் பின் மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில், உடம்பு அந்த முண்டைச் செதுக்கிச் சீராக்குகிறது.

குழந்தையின் முன்கை எலும்பு நான்கு முதல் ஆறு வாரத்தில் சேர்ந்துவிடும். பெரியவர்களின் மணிக்கட்டுக்கு ஆறு வாரம் போல ஆகும். தொடை எலும்புக்கும் கணுக்கால் மேலுள்ள கால் எலும்புக்கும் மூன்று நான்கு மாதங்கள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். புகை பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இன்னும் தாமதமாகும்.

உடம்பே சேர்த்துக்கொள்ளும் என்றால் வைத்தியருக்கு என்ன வேலை? மூன்று வேலைகள் உண்டு. ஒன்று, எலும்பை அதன் இடத்தில் நேராக வைப்பது. இரண்டு, சேரும் வரை அதை அசையாமல் காப்பது. மூன்று, இந்த இரண்டையும் செய்யும்போது இரத்த ஓட்டத்துக்கும் நரம்புக்கும் பங்கம் வராமல் பார்த்துக்கொள்வது. மாவுக்கட்டானாலும் மூங்கில் பத்தையானாலும் ஆபரேஷன் செய்து வைக்கும் பிளேட்டானாலும் இந்த மூன்றையும் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

இதில் "நேராக" என்ற சொல்லைச் சற்று விளக்க வேண்டும். உடைந்த எலும்பு மூன்று விதமாகக் கோணலாகச் சேரலாம். வில் போல வளைந்து சேரலாம். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கால் குட்டையாகிச் சேரலாம். எலும்பு நேராகத் தெரிந்தாலும் திருகிக்கொண்டு சேரலாம். விரலில் இப்படித் திருகல் ஏற்பட்டால், கையை மூடும்போது ஒரு விரல் மற்றொன்றின்மேல் ஏறி உட்காரும். காலில் ஏற்பட்டால் பாதம் வெளிப்பக்கமோ உள்பக்கமோ திரும்பி நிற்கும், நடை மாறும், முழங்காலும் இடுப்பும் காலப்போக்கில் தேயும்.

குழந்தைகளுக்கு இயற்கை ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. வளர்கிற எலும்பு சிறிய வளைவுகளைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். குழந்தைகளுக்கு நாட்டுக் கட்டு நன்றாகப் பலித்தது என்று பலர் சொல்வதற்கு இது முக்கியமான காரணம். ஆனால் திருகலைக் குழந்தையின் உடம்பாலும் சரிசெய்ய முடியாது. எலும்பின் ஓரத்தில் இருக்கும் வளர்ச்சித் தட்டு நசுங்கிவிட்டால், அந்தக் கையோ காலோ வளர்ச்சி குன்றிப் போகவும் கூடும்.

மூட்டுக்குள் முறிவு என்றால் சலுகை யாருக்கும் கிடையாது. மூட்டு என்பது அம்மிக்கல் போல வழவழப்பாக இருக்க வேண்டிய இடம். அதில் ஓரிரு மில்லிமீட்டர் படி விழுந்தாலும், ஒவ்வொரு முறை அசையும்போதும் அந்தப் படி உராயும். மூட்டு இளம் வயதிலேயே தேய்ந்து வலியெடுக்கும். இதைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க எந்தக் கைக்கும் முடியாது. எக்ஸ்-ரே வேண்டும், சில சமயம் சி.டி. ஸ்கேனும் வேண்டும்.

நாட்டு வைத்தியர் வீட்டில் பிறந்த எலும்பு மருத்துவம்

"நாட்டு வைத்தியமா, இங்கிலீஷ் வைத்தியமா?" என்று நாம் சண்டை போடுகிறோம். வரலாற்றைப் பார்த்தால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது விளங்கும்.

பழைய சுசுருத சம்ஹிதையில் எலும்பு முறிவு 12 வகை என்றும், மூட்டு விலகல் 6 வகை என்றும் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கிறது. அரசு, அத்தி முதலிய மரப்பட்டைகளையும் மூங்கிலையும் வைத்துக் கட்டும் முறையும் அதில் இருக்கிறது. கட்டு தளர்ந்தால் எலும்பு உறுதியாக நிற்காது. மிகவும் இறுகினால் வீக்கமும் வலியும் வரும். ஆகவே நடுத்தரமாகக் கட்ட வேண்டும் என்று அந்த நூல் எச்சரிக்கிறது. குளிர் காலத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறை, மிதமான காலத்தில் ஐந்து நாளுக்கு ஒருமுறை, வெயில் காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டை மாற்றச் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் "முறிவு நெறிவு" வைத்தியர்கள் புக்கை கட்டுவதும், கன்னியாகுமரிப் பக்கத்தில் வர்ம ஆசான்கள் எலும்பைச் சேர்த்துக் கட்டுவதும் இதே நாட்டு மரபின் கிளைகள்தாம்.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். லிவர்பூல் நகரத்தில் ஈவன் தாமஸ் என்று ஒருவர் இருந்தார். வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் பரம்பரையாக எலும்பு கட்டி வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். படித்துப் பட்டம் பெற்றவரல்லர். டாக்டர்கள் அவர்மேல் வழக்குக்குமேல் வழக்குப் போட்டார்கள். அவர் தம் பிள்ளைகளை மருத்துவக் கல்லூரியில் சேர்த்தார். அவர்களில் ஒருவர் ஹியூ ஓவன் தாமஸ் (1834-1891). குடும்பத்தில் கற்ற கைப்பழக்கத்தையும் கல்லூரியில் கற்ற உடற்கூற்றையும் சேர்த்து அவர் உருவாக்கிய இரும்புச் சட்டத்துக்கு "தாமஸ் ஸ்பிளின்ட்" என்று பெயர். அவருடைய உறவினரும் மாணவருமான ராபர்ட் ஜோன்ஸ், முதல் உலகப் போரில் அதைப் பரவலாகப் பயன்படுத்த வைத்தார். தொடை எலும்பு முறிந்த எத்தனையோ சிப்பாய்கள் அதனால் உயிர் தப்பினார்கள். நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிகளின் எலும்பு வார்டிலும் அந்தச் சட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். நவீன எலும்பு மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவர், ஒரு நாட்டு வைத்தியரின் மகன்!

1851-இல் ஹாலந்து நாட்டு ராணுவ மருத்துவர் மத்தைசன் என்பவர் பிளாஸ்டர் தூவிய துணிக் கட்டைக் கொண்டுவந்தார். இன்றைய மாவுக்கட்டு அதுதான். 1895 நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தம் மனைவியின் கை எலும்புகளைப் படம் எடுத்துக் காட்டினார். அதுவரை உலகத்தில் எலும்பு கட்டியவர் எல்லாரும், பட்டம் பெற்றவரும் பெறாதவரும், கண்ணைக் கட்டிக்கொண்டுதான் கட்டினார்கள் என்று சொல்லலாம். கட்டிய பிறகு எலும்பு நேராக இருக்கிறதா என்று பார்க்க முதன்முதலாக ஒரு வழி பிறந்தது.

லிவர்பூல் குடும்பம் செய்ததும் புத்தூர் மரபு எதிர்கொள்ள வேண்டியதும் ஒன்றேதான். கையின் அனுபவத்தோடு படத்தின் சாட்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லை தாண்டியதை அனுப்பிவைக்கத் தெரிய வேண்டும்.

கட்டு இறுகினால் கை போகும்

புத்தூர் வைத்தியம் தொடங்கியதாகச் சொல்லப்படும் அதே 1881-இல், ஜெர்மனியில் ஃபோல்க்மன் என்ற அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். கட்டு இறுக்கமாகப் போடப்பட்ட சிலருக்கு, கட்டைப் பிரித்த பிறகு கை விரல்கள் பறவையின் நகம் போல மடங்கி நின்றுவிடுகின்றன என்று அவர் கவனித்தார். இரத்தம் கிடைக்காமல் தசை செத்துவிடுவதே காரணம் என்றார். இன்றும் அந்த ஊனத்துக்கு அவர் பெயர்தான் வழங்குகிறது.

இது எப்படி நடக்கிறது? எலும்பு முறிந்ததும் அந்த இடம் வீங்கும். முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் கூடிக்கொண்டே போகும். காலையில் அளவாக இருந்த கட்டு மாலையில் இறுக்கமாகிவிடும். உள்ளே அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைபட்டால், சுமார் ஆறு மணி நேரத்தில் தசைக்கு மீளமுடியாத சேதம் ஏற்படலாம். இன்னும் முற்றினால் சதை அழுகி, கையையோ காலையோ எடுக்க வேண்டி வரும். நாட்டுக் கட்டில்தான் இப்படி ஆகும் என்று நினைக்க வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டிலும் இது நேரலாம். அங்கே ராத்திரியில் நர்ஸ் வந்து விரலைப் பார்ப்பார். கட்டைப் பிளக்கும் கருவி பக்கத்தில் இருக்கும். வீட்டுக்கு வந்துவிட்டால் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

கட்டுப் போட்ட பிறகு, அது எந்தக் கட்டானாலும், கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்:

1. வலி குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகிறதா? மாத்திரைக்கும் அடங்கவில்லையா? இதுதான் முதல் எச்சரிக்கை.

2. விரல்களை நாம் மெல்ல நீட்டிவிட்டால் தாங்க முடியாத வலி வருகிறதா?

3. விரல் நுனி வெளுத்தோ நீலம் பாய்ந்தோ சில்லென்றோ இருக்கிறதா? நகத்தை அழுத்திவிட்டால் உடனே சிவப்பு திரும்புகிறதா?

4. விரல் மரத்துப் போயிருக்கிறதா? எறும்பு ஊர்வது போல இருக்கிறதா?

5. விரலை அசைக்க முடியவில்லையா?

இவற்றில் ஒன்று இருந்தாலும், அடுத்த நாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. அப்போதே கட்டைத் தளர்த்த வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "நாடி ஓடுகிறதே" என்று சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. நாடி ஓடும்போதே தசை சாகலாம். சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்கு வலி என்ற எச்சரிக்கையே வராமல் போகலாம். அவர்களைக் கண்ணால்தான் காவல் காக்க வேண்டும்.

நாட்டு வைத்தியர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தால் பலன் உண்டா? உண்டு என்கிறது எத்தியோப்பிய அனுபவம். அங்கே கிராமத்து எலும்பு வைத்தியர்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். இறுக்கிக் கட்டக்கூடாது, விரலைப் பார்க்க வேண்டும், நிறம் மாறினால் அவிழ்க்க வேண்டும் என்பது போன்ற பாடங்கள்தான். அதன் பிறகு அந்தப் பகுதியில் கை கால் துண்டிக்க நேர்ந்தவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது என்று 2005-இல் வெளியான கட்டுரை சொல்கிறது. வைத்தியரை ஏசுவதைவிட அவருக்குச் சொல்லிக்கொடுப்பதில் பயன் அதிகம்.

எவற்றைக் கட்டக்கூடாது?

சுளுக்கு, விலகாத சிறு விரிசல், விரல் முறிவு, குழந்தையின் முன்கையில் சிறு வளைவு போன்றவை எந்த நல்ல கட்டிலும் பெரும்பாலும் குணமாகும். ஆனால் கீழே சொல்லும் ஐந்து விஷயங்களில் வெறும் கட்டை நம்பக்கூடாது. நேரே எலும்பு மூட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

முதலாவது, வயதானவர்களின் இடுப்பு முறிவு. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டியால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால், தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அந்த இடத்துக்கு இரத்த ஓட்டமே குறைவு. வெளியிலிருந்து பத்தை வைத்து அதை அசையாமல் வைக்கவும் முடியாது. மாதக் கணக்கில் படுக்க வைத்தால் படுக்கைப் புண், நுரையீரல் சளி, காலில் இரத்தக் கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். எலும்பு முறிவைவிட அந்தப் படுக்கைதான் உயிரை எடுக்கும். இயன்றால் ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் செய்து, சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பதே இன்றைய வைத்தியம். "இந்த வயதில் ஆபரேஷனா?" என்பது நம் வாயில் வருகிற கேள்வி. "இந்த வயதில் படுக்கையா?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது, குழந்தைகளின் முழங்கை. ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தை கையை ஊன்றி விழும்போது, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது சாதாரணமாக நடப்பது. அந்த இடத்தை ஒட்டியே கையின் பெரிய இரத்தக் குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. ஃபோல்க்மன் சொன்ன ஊனம் வருவதும் இங்கேதான் அதிகம். கோணலாகச் சேர்ந்தால் கை துப்பாக்கிக் கட்டை போல வளைந்து நிற்கும். எண்ணெய் போட்டு நீவினால் சதைக்குள் எலும்பு வளர்ந்து முழங்கை மடங்காமலே போகலாம். முழங்கையை நீவக்கூடாது என்பதை ஒவ்வொரு பாட்டியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, புண்ணோடு கூடிய முறிவு. தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தாலும், சிறு ஓட்டையில் இரத்தம் கசிந்தாலும், அது கிருமி உள்ளே நுழையும் வாசல். பச்சிலையோ மஞ்சளோ காப்பித்தூளோ வைக்காமல், சுத்தமான துணியால் மூடி உடனே கொண்டுபோக வேண்டும். எதிர்ப்பு மருந்து ஊசி முதல் சில மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும்.

நான்காவது, மூட்டு நழுவுதல். தோள் மூட்டு இறங்கிவிட்டால் அதைச் சீக்கிரம் ஏற்றிவிட வேண்டும். கூடவே எலும்பும் உடைந்திருக்கிறதா என்று முதலில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். மயக்க மருந்தின் துணையோடு ஏற்றினால் வலியும் இல்லை, சேதமும் இல்லை. மூன்று வாரம் தள்ளிப்போனால் கையால் ஏற்றுவது கடினம்.

ஐந்தாவது, கழுத்து, முதுகெலும்பு. அடிபட்டவர் கழுத்து வலிக்கிறது என்றாலோ கால் மரத்துவிட்டது என்றாலோ, நாலு பேர் சேர்ந்து தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்கக் கூடாது. பலகையில் நேராகப் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டும்.

தொலைபேசியில் என்ன சொல்வது?

"அக்கா, அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. காலை அசைக்க முடியலங்கிறாங்க. பெரியப்பா, ஆஸ்பத்திரிக்குப் போனா அறுத்துடுவாங்க, புத்தூர்க் கட்டே போட்டுடலாம்ங்கிறார். நீ என்னக்கா சொல்ற?"

"தம்பி, பெரியப்பாகிட்ட போனைக் குடுப்பா... பெரியப்பா, நீங்க சொல்றது புரியுது. நம்ம தாத்தாவுக்குக் கை முறிஞ்சப்போ புத்தூர்லதான் சரியாச்சு. கட்டு எங்க போடலாம்னு அப்புறம் பேசிக்கலாம். இப்போ முதல்ல ஒரு எக்ஸ்-ரே மட்டும் எடுத்துடலாம் பெரியப்பா. படத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்க."

இப்படிப் பேசுவது பெரியவருடைய அனுபவத்தை மதிக்கிறது. அதே சமயம் வேண்டிய முதல் காரியமும் நடந்துவிடுகிறது. தொலைவில் இருக்கும் நாம் தொலைபேசியில் சண்டை போட்டுப் பயனில்லை. பக்கத்தில் இருந்து தூக்கிக்கொண்டு போகப் போகிறவர் பெரியப்பாதான். படம் கையில் வந்துவிட்டால், முறிவு எங்கே, மூட்டுக்குள்ளா வெளியிலா, எவ்வளவு விலகியிருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யலாம். இப்போது செல்போனிலேயே படம் வந்துவிடுகிறது. நம் சங்கத்தில் இருக்கும் டாக்டர் நண்பர் யாரிடமாவது காட்டி இரண்டாவது அபிப்பிராயமும் கேட்கலாம்.

எலும்பு வைத்தியத்தை நம் மக்கள் தேடிப் போவதற்குக் காரணம் வெறும் அறியாமை என்று நினைப்பது தவறு. ஆபரேஷன் பயம் ஒன்று. செலவு பயம் இன்னொன்று. ஆஸ்பத்திரியில் யாரும் நின்று விளக்கிச் சொல்வதில்லை. கட்டு வைத்தியர் தோளைத் தொட்டு "பயப்படாதே" என்று சொல்கிறார். இது மூன்றாவது. செலவைப் பொறுத்தவரை வழி இருக்கிறது. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் "பர்ட்" எலும்பு மருத்துவமனை ஏழைகளுக்காகவே அமைந்தது. சித்தூரிலிருந்து சிறிது தூரத்தில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் எலும்பு முறிவுப் பிரிவுகள் இருக்கின்றன. பணம் அனுப்புகிற நாம், "ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற ஒரு வார்த்தையை முதலிலேயே சொல்லிவிட்டால், பாதிப் பயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நம் வீட்டுக்கும் சில குறிப்புகள்

விபத்து ஊரில் மட்டும் நடப்பதில்லை. நாம் வாழும் இடத்தில் பனியில் சறுக்கி, கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்கிறவர்கள் ஏராளம். அடிபட்டதும் செய்ய வேண்டியவை இவை. வளைந்திருப்பதை நாமே நிமிர்த்த முயலக்கூடாது; இருக்கிற நிலையிலேயே அட்டை, மடித்த செய்தித்தாள், குடை என்று கிடைத்ததை வைத்து, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி தளர்வாகக் கட்ட வேண்டும். மோதிரம், வளையல், மெட்டி முதலியவற்றை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். ஐஸ் வைப்பதானால் துணியில் சுற்றி வைக்க வேண்டும். ஆபரேஷன் தேவைப்படலாம் என்று தோன்றினால், டாக்டர் பார்க்கும் வரை சாப்பிடக் கொடுக்கக்கூடாது. "ஒரு வாய் காப்பியாவது குடிக்கட்டும்" என்ற அன்பு அன்று வேண்டாம்.

ஊருக்குப் போன இடத்தில் கையோ காலோ முறிந்து, மாவுக்கட்டோடு விமானம் ஏற நேரலாம். முழு மாவுக்கட்டுப் போட்டு 48 மணி நேரம் ஆகாதவர்களை நீண்ட பயணத்துக்கு விமான நிறுவனங்கள் பொதுவாக ஏற்றுவதில்லை. பறக்கும்போது வீக்கம் கூடிக் கட்டு இறுகும் என்பதே காரணம். அவசரமானால் கட்டை நீளவாக்கில் பிளந்துதான் ஏற்றுவார்கள். டாக்டரின் கடிதத்தையும் எக்ஸ்-ரே படத்தையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விழாமல் இருப்பதற்கும் வழி தேட வேண்டும். அடுத்த முறை ஊர் போகும்போது பெற்றோருக்கு என்ன வாங்கிப் போவது என்று யோசிக்கிறோம் அல்லவா? குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, தரையில் வழுக்காத விரிப்பு, படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு இரவு விளக்கு ஆகிய மூன்றையும் பொருத்திவிட்டு வாருங்கள். அம்மாவின் எலும்பு வலு, விட்டமின் டி ஆகியவற்றையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். திருப்பதி லட்டைவிட அவர்களுக்கு இது நீண்ட நாள் உதவும்.

புத்தூர் நம் பாட்டன்மாருக்கு வேறு கதி இல்லாத காலத்தில் கைகொடுத்த ஊர். அந்த நன்றியை மறக்க வேண்டாம். அங்கே போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: எலும்பு நேராக இருக்கிறதா, படத்தில் காட்டுங்கள்? சேரும் வரை அசையாமல் இருக்குமா? விரல் நுனிக்கு இரத்தம் போகிறதா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் கவலை இல்லை. ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும், நேரத்தைக் கடத்தாமல் அடுத்த இடத்துக்குப் போவதே புத்திசாலித்தனம்.